அண்ணா என்று கூப்பிட்ட தோஷம்

அபிராமபுரம்,
சென்னை-18.
9.7.95

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஜானு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி பிரின்ஸியும் எப்படி இருக்கிறீர்கள்? மஸ்கட் வெயிலில் தரையில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும் என்று உன் அண்ணன் சொன்னார். குழந்தையை மத்தியானத்தில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் டியூட்டி இன்னும் போடுகிறார்களா? கைக்குழந்தைக்காரியைக் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?

பழக்கத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுதச் சோம்பலாக இருக்கிறது. ஒருத்தரும் சௌக்கியமில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஈஸ்டர் அன்று நீ போன் செய்தபோது, ஜானுவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உன் அண்ணன் சொன்னாராம். நீ “ம்” என்று மட்டும் சொன்னாயாம். ஐ.எஸ்.டி.யில் அதற்கு மேல் பேசினால் காசு பறந்துவிடும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் வாயைத் திறந்தோம்.

அப்பா தாம்தூம் என்று குதிப்பார், அம்மா மூக்கைச் சிந்துவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன். சொல்ல வேண்டிய பதில்களைக்கூட பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்துக்கொண்டே, “என்னடி அசட்டுத்தனம் இது, அவன் உனக்கு அண்ணா முறையாச்சே” என்றார். கிறிஸ்டியன், குப்பத்துப் பையன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நான் அதெல்லாம் பாக்கறவனாடி? லோகமே பாத்துண்டிருந்துதே, டி.வி.யில நீ அவனுக்கு ராக்கி கட்டினதை. வாய் நிறைய அண்ணான்னு கூப்ட்டுட்டு அவனையே பண்ணிக்கறேன்னா கேக்கறவா காறித் துப்ப மாட்டாளா?” என்றார். பெற்ற அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறாள், தனக்குப் பிறந்தது ஒரே பெண்தான் என்பதே மறந்துபோன மாதிரி. மதத்தைச் சொல்லித் தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். முறையைச் சொல்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது, சொல்லு?

சரி, உங்கம்மாவாவது நம் பக்கம் நிற்பார் என்று மீன் கடைக்கே போனேன். தேசம்மா அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா பாப்பா நீ, எம் புள்ளைக்குக் கூடப் பொறந்தவ மாரியாச்சே! குப்பமே ஒரே டி.வி. முன்னால குந்திக்கினு பாத்துச்சே, நீ அவன் கையில கயிறு கட்டினத. இப்ப அவன் கையால தாலி வாங்கிக்கினு வந்தா ஆரு ஒத்துப்பா? கோயில்ல சாமியாரு கேட்டா நா இன்னான்னு சொல்றது?” என்றார். கோபமெல்லாம் இல்லை. சோடா வாங்கிக் கொடுத்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார். இரண்டு வீட்டிலும் அன்பாலேயே அடிக்கிறார்கள்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சரியாக நினைவிருக்காது. நீ அப்போது நாலாங்கிளாஸ். கான்வென்ட்டில் கிறிஸ்மஸ் பாட்டு நிகழ்ச்சிக்கு டெலிவிஷனிலிருந்து ஒரு புரொட்யூசர் வந்திருந்தார். உன் அண்ணன் கிடார், கரீமுல்லா பாங்கோ, நீயும் நானும் பாட்டு. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நாலு பேரும் வாருங்கள் என்றார். பேர்களைக் கேட்டார். ஜான்சன், ஜானு, ஜாஸ்மின். மனிதருக்கு அப்படி ஒரு குஷி. பாவம் கரீமுல்லாவை அங்கேயே “ஜாலி” ஆக்கி, நமக்கு “நாலு ஜா” என்று பேர் வைத்துவிட்டார். ஒரே சுருள் துணியில் கட்டம் போட்ட சட்டையும் கவுனும் தைத்தார்கள். நாலு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று சொல்லச் சொன்னார். அப்போதெல்லாம் ஒற்றுமை ஒற்றுமை என்று எல்லாவற்றிலும் ஒற்றுமைதானே. ராக்கி என்றால் என்னவென்றே மெட்ராஸில் யாருக்கும் தெரியாது. அவர்தான் சௌகார்பேட்டையிலிருந்து ஒன்று வாங்கிவந்து, பாட்டு முடிந்ததும் அண்ணாவுக்குக் கட்டு என்று என் கையில் கொடுத்தார். பதிமூன்று வயசு. கட்டினேன்.

“பட்டம் பறக்குது டும்டும்டும்” பாட்டை ரிக்‌ஷாக்காரர்கள் பாடினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள், சின்ன ரெக்கார்டாகக்கூட வந்தது. மூன்று வருஷம் ஆட்டம் போட்டோம். பிறகு உன் அண்ணனுக்கு மீசை கறுத்தது, புரொட்யூசரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், முடிந்தது கதை. இப்போது அந்தப் பாட்டின் இரண்டாம் வரி யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பார். தெரியாது. பாட்டை ஊர் மறந்துவிட்டது, எங்கள் உறவுமுறையை மட்டும் மறக்கவில்லை.

சிரிப்பு என்ன தெரியுமா? அந்த உறவுமுறையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இத்தனை வருஷம் ஊர் சுற்றினோம். நான் அடையாறு ஆபீஸிலிருந்தும் அவர் கிண்டி கம்பெனியிலிருந்தும் கிளம்பி சைதாப்பேட்டையில் இறங்கி ஜூஸ் கடையில் நிற்போம். கடைக்காரர் “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சாத்துக்குடியா?” என்பார். தலையாட்டுவோம். கச்சேரிக்குப் போனால், “ஜான்சன் கூட்டிண்டு வரானோன்னோ, சரி” என்பார் அப்பா. எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் இந்தச் சுதந்திரம்? இப்போது அதற்கெல்லாம் சேர்த்து அனுபவிக்கிறேன்.

இனிமேல்தான் பெரிய விஷயம். நாங்கள் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அப்பா ஒரு புது கேபிள் சேனலுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். ‘நாலு ஜா இன்றும் இருக்கிறார்கள், ராக்கி பண்டிகைக்கு அழைக்கலாமே’ என்று. அவர்களும் துள்ளிக் குதித்து வந்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஒளிபரப்பு. அண்ணனும் தங்கையும் மறுபடி பாட வேண்டும், நான் மறுபடி ராக்கி கட்ட வேண்டும். அப்பா வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, ஆல்பத்தைக் காட்டி, பழைய ரெக்கார்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, “இப்பவாவது ஊருக்கு ஞாபகம் வரட்டும்” என்றார். ஊருக்கா, எனக்கா?

நான் வர மாட்டேன் என்று ஆடித் தீர்த்தேன். உன் அண்ணன்தான் போவோம் என்கிறார். கேமராவுக்கு முன்னால் சொன்னதைக் கேமராவுக்கு முன்னாலேயே இல்லை என்று சொல்லிவிடலாம், ஒரே நாளில் ஊர் வாய் அடைந்துவிடும் என்கிறார். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது.

உங்கம்மாவுக்கு நீ ஒரு வரி எழுதக் கூடாதா? நீ சொன்னால் கேட்பார். கடைக்குட்டி செல்லம் ஆயிற்றே. பிரின்ஸிக்கு முத்தங்கள்.

உன்,
ஜானு அக்கா


அபிராமபுரம்,
4.8.95

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும்போது வாசலிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன். “மஸ்கட் தபாலா? வந்தா உங்க கையிலயே குடுக்கறேம்மா” என்கிறார். நீ அவரைப் பொய் சொல்ல வைக்காதே.

நேற்று ரிக்கார்டிங் முடிந்தது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

தி.நகரில் ஒரு பழைய பங்களா ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே லைட் சூட்டில் மேக்கப் வழிகிறது. எங்களுக்கு என்ன உடை தெரியுமா? கட்டம் போட்ட துணி! முப்பது வயசுக்காரியான எனக்கு அதே கட்டத்தில் சுடிதார், முன்மண்டையில் வழுக்கை விழுந்த கரீமுல்லாவுக்கு அதே கட்டத்தில் அரைக்கைச் சட்டை. அவர் இப்போது ராயப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருக்கிறார், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. “இன்னா ஜானு, நம்மள பாத்தா சர்க்கஸ்லருந்து தப்பிச்சு வந்தா மாரி கீது” என்று அவர் சொன்னதும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உன் இடத்தில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதன்மேல் உன் சின்ன வயசு போட்டோவை வைத்திருந்தார்கள். மாலை ஒன்றுதான் பாக்கி. கரீமுல்லா சத்தம் போட்டு போட்டோவை எடுக்க வைத்தார்.

பேட்டி எடுத்த பெண் மதுவந்தி என்று பேர், நல்ல பெண்தான். “ஹாய் ஜானு மேடம், உங்க ஃபேமிலியே மியூசிக் ஃபேமிலி இல்லையா, சின்ன வயசுல வீட்ல அண்ணாவோட சண்டையெல்லாம் போடுவீங்களா?” என்றாள். அந்தக் குழந்தை நிஜமாகவே நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறது! அப்பா முதல் வரிசையில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. என்னைப் பெற்ற நாளில்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பாட்டு முடிந்தது. தட்டில் ராக்கி வந்தது, குங்குமம், மைசூர் பாகு எல்லாம். டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து விரலைச் சொடுக்கி, “சார், கை” என்றார். உன் அண்ணன் கையை நீட்டிவிட்டார்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அவ்வளவு பேசி வைத்திருந்தோமே! விரலைச் சொடுக்கினால் கையை நீட்ட வேண்டும் என்று பதினைந்து வயசில் பழக்கியது, இந்த வயசிலும் போகவில்லை. நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

நான் ராக்கியைத் தொடவில்லை. மதுவந்தியைப் பார்த்துச் சொன்னேன்: “எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. டி.வி.காரர் சொல்லச் சொன்னார், சின்னப் பெண், சொன்னேன். நானும் இவரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம்.” ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லிவிட்டேன். உன் அண்ணன் அதற்குள் சுதாரித்துக்கொண்டு தட்டிலிருந்த ராக்கியை எடுத்தார். “எனக்கு ஒரே தங்கச்சி. அவ மஸ்கட்ல இருக்கா. இது அவ கட்ட வேண்டியது” என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, ஜாஸ்மின். ஹால் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். டைரக்டர் மட்டும் கரீமுல்லாவிடம், “பரவால்ல பாய், எடிட்டிங்ல பாத்துக்கலாம்” என்றாராம். என்ன பார்ப்பாரோ. பார்க்கட்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

அந்த ராக்கியை அவரிடம் வாங்கி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நீயே உன் அண்ணன் கையில் கட்டு. பத்தாம் தேதி சாயங்காலம் ஒளிபரப்பாம். தேசம்மா அத்தையைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன்,
ஜானு


அபிராமபுரம்,
17.9.95

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

பிரின்ஸியின் போட்டோ வந்தது. கன்னம் அப்படியே தேசம்மா அத்தை. கூட ஒரு கடிதம் இருக்குமா என்று கவரைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நான் பேசியது ஒரு வார்த்தைகூட வரவில்லை. என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? உன் அண்ணன் கையை நீட்டுகிறாரே, அதுவரைக்கும் காட்டினார்கள். அதற்கப்புறம் அப்பா கொடுத்த பழைய ரெக்கார்டிலிருந்து என் குரல். பாட்டுக்கு முன்னால் பேசுவேனே, “எங்க ஜான்சன் அண்ணாவுக்கு நான் கட்டற ராக்கி, உங்க அண்ணாவுக்கு நீங்களும் கட்டுங்க” என்று, கீச்சுக்குரலில். அதைப் போட்டு, நான் அழுத முகத்தைக் காட்டினார்கள். பாசத்தில் அழுகிறேனாம்! கீழே ‘கண்கலங்கிய தங்கை’ என்று எழுத்து வேறு ஓடியது.

மறுநாள் பால் பூத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எதிர்வீட்டு மாமி, “கண்ணுல ஜலம் வந்துடுத்துடி, இந்தக் காலத்துல இப்படி அண்ணா தங்கையா” என்றாள். ஆபீஸில் ஆடிட்டர் கூப்பிட்டு ஒரு பேனா பரிசளித்தார். ஒவ்வொருத்தரிடமும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னை யாரும் அறையில் பூட்டி வைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகிறேன், வருகிறேன். எங்கே போனாலும் அங்கே எனக்கு முன்னால் ஜான்சனின் தங்கை போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்குத் தெம்பில்லை.

உன் அண்ணன் சொன்னார், ஊருக்கு விளக்கம் சொல்லி மாளாது, ரிஜிஸ்டர் பண்ணிவிடுவோம் என்று. போனோம். அங்கே கிளார்க் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “போன மாசம் டி.வி.ல வந்தீங்கல்ல? நாலு ஜா? நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியாச்சே சார், சட்டப்படி இது நடக்காதே” என்றார். கேலியில்லை, நிஜமாகவே பதறுகிறார். விண்ணப்பத்தில் அப்பா பேரைப் பாருங்கள், இவருக்கு மாசிலாமணி, எனக்கு அனந்தராமன் என்றேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், “யாரையாவது தத்து குடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். உன் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அதிகாரி வந்து, பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் நோட்டீஸ் பலகையில் எங்கள் பேர் தொங்கும். ஆட்சேபணை இருக்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

யார் சொன்னார்களோ, அப்பா அங்கே போய் நோட்டீஸைப் படித்துவிட்டு வந்துவிட்டார். நேற்றுக் காலையில் டிபன் ஆனதும், “ஒரு வெள்ளைப் பேப்பர் கொண்டா, நான் ஆட்சேபணை எழுதணும்” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். பேனாவும் கொடுத்தேன். ‘ஐயா’ என்று எழுதினார். அப்புறம் பேனா நகரவில்லை.

நான் சொன்னேன்: “எழுதுங்கோப்பா. அண்ணா தங்கைங்கறதுதானே உங்க ஆட்சேபணை? ஜான்சன் என் பிள்ளை, நான் பெத்தவன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ.” அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் விடவில்லை. சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்த டம்ளரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். உனக்கு இது தெரியுமோ தெரியாதோ. அந்தத் தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் தனியாக இருக்கும். மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைத்தது. ஒன்று ஜான்சனுக்கு, ஒன்று கரீமுல்லாவுக்கு, ஒன்று உனக்கு. ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் நீ எங்கள் வீட்டில் பால் குடித்தது அதில்தான். இன்றைக்கு வரைக்கும் உன் அண்ணன் வந்தால் அதில்தான் காபி. “கூடப் பிறந்த அண்ணாவுக்கு எதுக்குப்பா தனி டம்ளர்? பதினேழு வருஷமா நம்மாத்துப் பையன்னு சொல்றேளே, ஒரு நாளாவது உள்ள கூப்ட்டு நம்மளோட உக்கார வெச்சுச் சாதம் போட்டிருக்கோமா?” என்று கேட்டேன். அப்பா பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இருட்டின பிறகுதான் வந்தார். ஆட்சேபணையை எழுதவில்லை.

அம்மா மத்தியானம் அதே டம்ளரை எடுத்து, அதில் தனக்குக் காபி விட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

ஆக, எங்கள் வீட்டு ஆட்சேபணை வராது என்று நினைக்கிறேன். இப்போது மிச்சம் இருப்பது நீதான்.

போன வாரம் தேசம்மா அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். உன் நாத்தனாரை உன் அண்ணனுக்குக் கட்டுவது என்று நீ உன் வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாயாம், ஈஸ்டருக்கும் முன்னாலேயே. “அவ அங்க தலை நிமிந்து வாழணும்ல பாப்பா” என்று அத்தை அழுதார். உன் “ம்” என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கோபம் வராமல் இருக்குமா? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டாளே, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று. அப்புறம் குழாயை மூடிவிட்டு உன் நிலைமையையும் நினைத்துப் பார்த்தேன். மனிதர்களும் பாஷையும் தெரியாத ஊரில் புகுந்த வீட்டு மனிதர்களுக்கு நடுவில் நிற்கிறாய். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கினால் அவர்கள் உன்னை என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு எல்லாம் புரிகிறது, ஜாஸ்மின். புரிகிறது என்பதற்காக என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். “ரெண்டு வீட்டுக் கோபத்தையும் நான் தாங்கிக்குவேன் ஜானு. நைனா கடலுக்குப் போய் வராம போனப்புறம் அவளத் தோள்ல போட்டு வளர்த்தவன் நான். அவ வேணாம்னா என்னால முடியாது” என்கிறார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஒருவேளை கேட்பார். கேட்டுவிட்டு ஆயுசு முழுக்க உனக்காக அழுவார். அந்த அழுகையோடு குடித்தனம் நடத்த எனக்கு இஷ்டமில்லை.

சாட்சிக் கையெழுத்து மூன்று வேண்டும். ஒன்று கரீமுல்லா போடுகிறார். இரண்டாவது உன் அண்ணனின் கம்பெனி சினேகிதர். மூன்றாவதற்கு ஆள் கிடைக்காமல் இல்லை. கரீமுல்லாவின் கடைப் பையன் வரத் தயாராக இருக்கிறான். நான்தான் யாரையும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அக்டோபர் நடுவில் கெடு முடிகிறது. லீவு கிடைத்தால் வா. வர முடியாவிட்டால் உன் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி எழுது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றுதான் எழுதுவாயானால், அதையும் சீக்கிரம் எழுதிவிடு. தினம் தபால்காரரை மறித்துக்கொண்டு நிற்க இனிமேல் என்னால் ஆகாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் புகுந்த வீட்டில் உன்னை யாரும் ஒரு சொல் சொல்லாமல் இருக்க வேண்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

போட்டோவுக்குப் பின்னால் ‘ஜானு பெரியம்மாவுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். பிரின்ஸி இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள் என்று உங்கம்மா சொன்னார். அவளுக்கு வாய் பழகுவதற்குள் மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிடு, ஜாஸ்மின். அத்தை என்று சொல்லிக்கொடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். நம் ஊரில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் அதற்கப்புறம் மாற்ற விட மாட்டார்கள்.

ஜானு